சின்னப் பிள்ளைகளோடு ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்: அவசரமில்லாத மூன்று நாள் பயணம்

பள்ளி விடுமுறை நெருங்கினால் நம் வீடுகளில் வேன் பேச்சு தொடங்கிவிடும். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்துகொள்வார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கிளம்பி, ஞாயிறு இரவு திரும்புவதற்குள் எட்டு இடங்களைப் பார்த்தாக வேண்டும் என்று திட்டம் போடுவார்கள். குற்றாலத்தில் ஐந்தருவியும் வேண்டும், பாபநாசமும் வேண்டும், போகிற வழியில் அணையும் வேண்டும். திரும்பி வரும்போது கைக்குழந்தைக்குக் காய்ச்சல். மூன்று வயதுப் பிள்ளை வேனில் வாந்தி எடுத்ததுதான் எல்லோருக்கும் நினைவிருக்கும். தாய்மார்கள் வீட்டில் செய்த வேலையையே வேறு ஊரில், அடுப்பும் அலமாரியும் இல்லாமல் செய்துவிட்டு வந்திருப்பார்கள். இவை எல்லாவற்றையும் விடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. அஸரும் மஃரிபும் எங்கோ நெடுஞ்சாலையில் கழாவாகியிருக்கும்.

பிள்ளைகள் சிறியவர்களாக இருக்கும் வரை பயணத்தின் கடிகாரம் பிள்ளையின் கடிகாரமாகத்தான் இருக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. அது எப்போது பசிக்கிறது, எப்போது தூங்குகிறது என்பதையும் ஐந்து வக்துத் தொழுகையையும் முதலில் தாளில் எழுதிக்கொண்டு, மிச்சமிருக்கும் நேரத்தில் எந்த இடத்தைப் பார்ப்பது என்று முடிவு செய்யுங்கள். பொதுவாக நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். தொழுகையில் நிற்கும்போது குழந்தை அழும் சத்தம் கேட்டால், அதன் தாயின் தவிப்பை எண்ணி நபி (ஸல்) அவர்கள் தொழுகையையே சுருக்கமாக முடித்துக்கொண்டார்கள் என்பதை நாம் அறிவோம். அப்படியிருக்க, பிள்ளை அழுதால் ஓர் அருவியைப் பட்டியலிலிருந்து அடிப்பதில் நமக்கு என்ன தயக்கம்?

ஐரோப்பிய நகரங்களுக்குக் கைக்குழந்தையோடு போய் வருகிறவர்களிலும் பலர் இப்படித்தான் செய்கிறார்கள். ஒரே தெருவில் சமையல் வசதியுள்ள ஒரு சிறு வீட்டை எடுத்துக்கொள்கிறார்கள். காலையில் ஒரு பூங்கா, மதியம் தூக்கம், மாலையில் கொஞ்சம் நடை, அவ்வளவுதான். அதற்காக லண்டனுக்கும் பாரிஸுக்கும் போக வேண்டிய அவசியம் இல்லை. விருதுநகர் மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், ஒன்றுக்கொன்று சுமார் 12 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் இதற்கு நன்றாகவே பொருந்தும். குற்றாலத்துக்குப் போகிற வழியில் தேநீர் குடிக்க மட்டும் நிறுத்திவிட்டுப் போகும் ஊர்கள் இவை. அங்கே மூன்று நாள் தங்குவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். சின்னப் பிள்ளைகளுக்குத் தேவையான அளவுக்குத்தான் இருக்கிறது. இந்த ஊர்களைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவே காரணம்.

போவதும் தங்குவதும்

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு எழும்பூரில் இரவு புறப்பட்டுச் செங்கோட்டை வரை செல்லும் பொதிகை விரைவு ரயில் வசதியானது. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் இரண்டிலும் நின்று செல்கிறது. பிள்ளைகள் தூக்கத்திலேயே பெரும்பகுதித் தூரத்தைக் கடந்துவிடுவார்கள். ரயில் விடியற்காலையில் வந்து சேர்கிறது. அதனால் பஜ்ரை ரயிலில் தொழுவதா, இறங்கித் தொழுவதா என்பதை அன்றைய நேரத்தைப் பார்த்து முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். பிள்ளையை எழுப்பி, செருப்பு மாட்டி, சாமான்களை இறக்குவதற்குள் வக்து போய்விடக் கூடாது. இரவே உளூவுக்கு ஒரு பாட்டில் தண்ணீரைத் தனியாக எடுத்து வையுங்கள்.

முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. அரையாண்டு விடுமுறைக்கான இடங்கள் வேகமாகத் தீர்ந்துவிடும். ஐந்து வயது நிரம்பாத பிள்ளைக்குக் கட்டணம் கிடையாது, ஆனால் தனிப் படுக்கையும் கிடைக்காது. ஐந்திலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் இருப்பவர்களுக்குப் படுக்கை வேண்டுமென்றால் முழுக் கட்டணம், வேண்டாமென்றால் பாதிக் கட்டணம். ஒரே படுக்கையில் தாயும் ஆறு வயதுப் பிள்ளையும் இரவெல்லாம் நெருக்கிக்கொண்டு வந்தால், மறுநாள் இருவருக்குமே நல்லபடியாக இருக்காது. அந்தப் பாதிக் கட்டணத்தை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

மதுரையிலிருந்து சாலை வழியாக ஸ்ரீவில்லிபுத்தூர் சுமார் 75 கிலோமீட்டர், ராஜபாளையம் சுமார் 85. வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் மதுரை விமான நிலையத்தில் இறங்கினால் காரில் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் வந்துவிடலாம். தெற்கே தென்காசி, கடையநல்லூர், புளியங்குடிக்காரர்களுக்கு இது பக்கத்து ஊர்தான். அவர்கள் காலையில் வந்து மாலையில் திரும்பிவிடலாம்தான். ஆனாலும் ஓர் இரவு தங்கிப் பார்க்கச் சொல்கிறோம். திரும்பிப் போகும் அவசரம் இல்லாதபோது பிள்ளைகளின் முகமே வேறு மாதிரி இருக்கும்.

தங்குவதற்கு ராஜபாளையத்தைத் தேர்ந்தெடுங்கள். நூற்பாலைகளும் வியாபாரமும் உள்ள ஊர் என்பதால் விடுதிகளும் மருந்துக் கடைகளும் உணவகங்களும் அதிகம். ஸ்ரீவில்லிபுத்தூரில் கோவிலைச் சுற்றியுள்ள விடுதிகள் திருவிழா நாட்களில் நிரம்பிவிடும். மூன்று நாளும் ஒரே அறையில் இருங்கள். தினம் ஒரு விடுதி மாற்றுவதைப் போலப் பிள்ளைகளை அலைக்கழிப்பது வேறில்லை. அறை எடுக்கும்போது டி.வி. இருக்கிறதா என்று கேட்பதை விட்டுவிட்டு, வெந்நீர் வருகிறதா, சன்னலுக்குக் கொசுவலை உண்டா, மாடி என்றால் மின்தூக்கி இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு மின்சாரக் கெட்டிலும் பழைய சேலை ஒன்றும் பெட்டியில் இருக்கட்டும். கெட்டில் பால் புட்டியைக் கழுவ உதவும். சேலை விரிப்பாகவும் போர்வையாகவும் முசல்லாவாகவும் பயன்படும். உறுதியான கொக்கி இருந்தால் தூளியாகவும் கட்டலாம். கொக்கி உறுதியா என்பதை அத்தா ஒருமுறை தொங்கிப் பார்த்த பிறகு!

இரண்டு ஊர்களுக்கும் இடையே பேருந்துகள் அடிக்கடி ஓடுகின்றன. சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. நன்னி, லாத்தா, அம்மா என்று பெண்கள் அதிகமாகப் போகும் குடும்பத்துக்கு இது நல்ல மிச்சம். மலையடிவாரத்துக்கு மட்டும் ஆட்டோ அல்லது கார் வைத்துக்கொள்ளுங்கள். போகும்போதே திரும்பவும் அழைத்து வரும்படி பேசிவிட வேண்டும், ஏனென்றால் அங்கே வெறும் வண்டி கிடைப்பது அரிது.

ஒரு நாளைக்கு ஓர் இடம்

நாளை இப்படி வகுத்துக்கொள்ளலாம். பஜ்ருக்குப் பிறகு பெரியவர்கள் தேநீர் குடிக்கட்டும், பிள்ளைகள் தானாக எழுந்திருக்கட்டும். காலை உணவு முடிந்து எட்டு மணியளவில் புறப்பட்டு, ஓர் இடத்தைப் பார்த்துவிட்டு, பதினொன்றரைக்குள் அறைக்குத் திரும்பிவிட வேண்டும். லுஹர், சாப்பாடு, தூக்கம். அஸர் தொழுத பிறகு ஊருக்குள்ளேயே ஒரு நடை. மஃரிபுக்கு அறையிலோ பள்ளிவாசலிலோ இருக்க வேண்டும். பார்க்கப் போனால் ஒரு நாளில் மூன்று மணி நேரம்தான் சுற்றுலா. மற்ற நேரமெல்லாம் வீட்டில் இருப்பது போலத்தான், ஆனால் அத்தா அலுவலகத்துக்குப் போகவில்லை, அம்மா சமைக்கவில்லை. பிள்ளைகளுக்கு அதுவே பெரிய விருந்து.

இதில் ஆண்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மதியம் பிள்ளை தூங்கும் நேரத்தில் துணி துவைப்பதும் புட்டி கழுவுவதும் மனைவியின் தலையில் விழுந்தால், அவருக்கு இது பயணமே இல்லை. மூன்று நாளில் ஒரு மாலைப் பொழுதாவது பிள்ளைகளை நீங்கள் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.

சாம்பல் அணிலைத் தேடி

மூன்று நாளில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் போக முடியும் என்றால் செண்பகத்தோப்பைச் சொல்வோம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில் மலையடிவாரத்தில் இருக்கிறது. இங்கே வாழும் சாம்பல் நிற மலை அணிலைப் பாதுகாக்கத்தான் 1988-ல் 485 சதுர கிலோமீட்டர் காடு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் இதையும் மேகமலைச் சரணாலயத்தையும் இணைத்து ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் உருவானது. தமிழ்நாட்டில் இது ஐந்தாவது, இந்தியாவில் 51-வது.

புலியைப் பார்க்கலாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள், பார்க்க முடியாது. அணிலைப் பார்க்க வாய்ப்பு உண்டு. வீட்டு முருங்கை மரத்தில் ஓடும் அணிலை மட்டுமே அறிந்த பிள்ளைக்கு இது பெரிய ஆச்சரியம். தலையிலிருந்து வால் நுனி வரை இரண்டடிக்கு மேல் நீளமாக, அதில் பாதி வாலாகவே இருக்கும். தரைக்கு அதிகம் இறங்காது. ஒரு மரத்தின் கிளையிலிருந்து அடுத்த மரத்துக்குத் தாவியே போகும். உயரத்தில் இலைகளையும் குச்சிகளையும் சேர்த்துக் காக்கை கூட்டைவிடப் பெரிதாகக் கூடு கட்டும். தென்னிந்தியாவின் சில காடுகளையும் இலங்கையையும் தவிர உலகில் வேறெங்கும் இந்த இனம் இல்லை.

பார்ப்பதற்குப் பொறுமை வேண்டும், அதுவும் காலையில். வண்டியை விட்டு இறங்கியதும் பிள்ளைகளிடம் ஒரு வேலையைக் கொடுங்கள்: முதலில் கூட்டைக் கண்டுபிடிப்பது யார்? கூடு அசையாது, அதனால் அது நிச்சயம் கிடைக்கும். கூட்டைத் தேடித் தலையை நிமிர்த்தியே நடக்கும்போது, கிளை அசைவதும் கண்ணில் பட்டுவிடும். நான்கு வயதுப் பிள்ளைகூட இந்த விளையாட்டில் அரை மணி நேரம் அமைதியாக இருக்கும். அணில் தென்படாவிட்டாலும் மந்திகளும் பட்டாம்பூச்சிகளும் இருக்கின்றன. கையில் பிஸ்கட் பாக்கெட் வேண்டாம், குரங்குகள் பறித்துக்கொள்ளும். பிளாஸ்டிக் பைகளையும் வனத்துறை அனுமதிப்பதில்லை. தீக்காலத்திலும் மழைவெள்ளக் காலத்திலும் உள்ளே விடமாட்டார்கள். ஆகவே முதல் நாள் மாலையே ஆட்டோ ஓட்டுநர்களிடமோ வனத்துறை அலுவலகத்திலோ விசாரித்துவிடுங்கள். சோதனைச் சாவடியில் திருப்பி அனுப்பினால் வாதாட வேண்டாம். மலையடிவார மாந்தோப்புகளுக்கு யானைகள் இறங்கி வருவது உண்டு. பொழுது சாய்ந்த பிறகு அந்தப் பக்கம் இருக்கவே கூடாது.

தண்ணீர் விஷயத்தில் சமரசம் வேண்டாம்

ராஜபாளையத்துக்கு மேற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் அய்யனார் கோவில் ஆறும் அருவியும் இருக்கின்றன. போகும் வழியில் நகரத்துக்குக் குடிநீர் தரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கம் வரும். தண்ணீர் குறைவாக ஓடும் நாளில் பாறைகளுக்கு நடுவே கால் நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது பிள்ளைகளுக்கு எவ்வளவு பிடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்த மலை ஆறுகளின் குணத்தைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மேலே மலையில் மழை பெய்திருக்கும். அந்தத் தண்ணீர் கீழே வந்து சேர்வதற்குச் சில நிமிடங்களே ஆகலாம். ஆற்றின் மறுகரையில் சிக்கிக்கொண்டவர்களைத் தீயணைப்புத் துறையினர் கயிறு கட்டி மீட்ட செய்திகள் அய்யனார் கோவில் பகுதியிலிருந்து பலமுறை வந்திருக்கின்றன. 2024 மே 17 அன்று குற்றாலம் பழைய அருவியில் திடீரென்று வந்த வெள்ளத்தில் 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனார். அன்று அங்கே குளித்துக்கொண்டிருந்தவர்கள் அலறி ஓடியதைப் பலரும் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். பதினேழு வயதுப் பையனுக்கே அந்த நிலை என்றால், தோளில் இருக்கும் பிள்ளையை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்வோம்?

ஆகவே சில விஷயங்களில் பிடிவாதமாக இருங்கள். தெளிந்த தண்ணீர் கலங்கத் தொடங்கினாலோ, இலையும் குச்சியும் கூடுதலாக மிதந்து வந்தாலோ, ஓசை கனத்தாலோ, அந்த நொடியே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறிவிடுங்கள். துணி, செருப்பு, தூக்குவாளி எல்லாம் கிடக்கட்டும். ஆற்றைக் கடந்து மறுகரைக்குப் போகவே வேண்டாம். பிள்ளை நிற்கும் தண்ணீர் அதன் முழங்காலுக்குக் கீழே இருக்க வேண்டும், பெரியவர் ஒருவர் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். “எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள்” என்பது ஆபத்தான ஏற்பாடு. இந்தப் பிள்ளைக்கு இவர் பொறுப்பு என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள், அவர் கைப்பேசியை வாங்கி வைத்துவிடுங்கள். ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டுத் தவக்குல் பேசுவதை நம் மார்க்கம் கற்றுத் தரவில்லை. முந்தைய நாள் மலையில் மழை என்று கேள்விப்பட்டாலே அருவித் திட்டத்தைக் கைவிட்டு, அந்தக் காலைப் பொழுதை ஊருக்குள் செலவிடுங்கள்.

2025-ல் சமூக ஊடகங்களில் பரவிய வீடியோக்களைப் பார்த்துவிட்டு, வத்திராயிருப்புப் பக்கம் இருக்கும் கூமாபட்டிக்குப் போக வேண்டும் என்று பெரிய பிள்ளைகள் கேட்கக்கூடும். பச்சை வயலும் தென்னந்தோப்பும் பின்னால் மலையும் உள்ள அழகான விவசாயக் கிராமம் அது. பக்கத்தில் பிளவக்கல் அணை இருக்கிறது. அணைத் தண்ணீரில் இறங்கக் கூடாது. ஐந்து வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகள் இருந்தால் போய்வரும் தூரத்துக்கு அங்கே அவர்களுக்கு ஒன்றும் இல்லை என்பதுதான் உண்மை.

ஊருக்குள் மாலை நேரம்

ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் நுழையும் முன்பே அந்தப் பதினொரு நிலைக் கோபுரம் தெரியத் தொடங்கிவிடும். உயரம் 190 அடிக்கு மேல். தமிழ்நாடு அரசு முத்திரையில் இருப்பது இந்தக் கோபுரம்தான் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. பள்ளிப் பாடநூலின் அட்டையிலோ, ரேஷன் கார்டிலோ பார்த்த முத்திரையை நினைவூட்டி, தெருவில் நின்றே பிள்ளைகளுக்குக் காட்டலாம். நிலைகளை எண்ணச் சொன்னால், எண்ணிப் பழகுகிற பிள்ளைக்கு ஒரு பாடமும் ஆகும். நம் அண்டை வீட்டாருடைய வழிபாட்டு இடத்தைப் பற்றிப் பிள்ளை கேள்வி கேட்டால் மரியாதையோடு பதில் சொல்லுங்கள். நாம் பேசும் தொனியைத்தான் பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள்.

ராஜபாளையம் என்றதும் பலருக்கும் நாய்தான் நினைவுக்கு வரும். வெள்ளை நிறம், உயரமான கால், ஒடுங்கிய இடுப்பு. 2005-ல் அஞ்சல் துறை இந்திய நாயினங்கள் நான்கிற்குத் தபால்தலை வெளியிட்டபோது இதுவும் ஒன்றாக இடம்பெற்றது. வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்ட இனம் என்பதால் புதியவர்களை எளிதில் ஏற்காது. தூரத்திலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றும் குடும்பங்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஈர மூக்கு சட்டையில் பட்டால் ஏழு முறை கழுவும் வேலையை விடுதிக் குளியலறையில் செய்ய வேண்டியிருக்கும்.

ராஜபாளையத்தின் கிழக்கே சஞ்சீவி மலை நிற்கிறது, மேற்கே தொடர்ச்சி மலை. இரண்டு மலைகளுக்கும் நடுவில் நாம் இருக்கிறோம் என்று காட்டினால், வரைபடம் என்றால் என்ன என்பது பிள்ளைக்குப் பிடிபடத் தொடங்கும். பக்கத்திலுள்ள சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். தறிச் சத்தம் தெருவிலேயே கேட்கும். முழங்காலில் அடிபட்டுக் கட்டுப் போட்டுக்கொண்ட பிள்ளைக்கு, அந்தத் துணி எங்கிருந்து வந்தது என்று சொல்ல ஒரு வாய்ப்பு. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜாவின் ஊரும் இதுதான். தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர் அவர்.

கோடையில் வந்தால் மாம்பழம். மலையடிவாரத் தோப்புகளிலிருந்து சப்பட்டையும் பஞ்சவர்ணமும் சந்தைக்கு வந்து குவியும். ஆனால் மாம்பழத்துக்காக ஏப்ரல், மே வெயிலில் கைக்குழந்தையைக் கொண்டு வருவதை நாங்கள் சிபாரிசு செய்யமாட்டோம்.

தொழுகை

ராஜபாளையத்தில் மேற்கே மலை தெரியும். கிப்லா மேற்கிலிருந்து ஏறத்தாழ 23 பாகை வடக்கே சாய்ந்திருக்கிறது. மலையைப் பார்த்துச் சற்று வலப்பக்கம் திரும்பினால் போதும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள், அறைக்கு அறை அவர்களே கிப்லா காட்டுவார்கள். இதே மலை இன்னொரு விதத்தில் நம்மை ஏமாற்றவும் செய்யும். அடிவாரத்தில் நிற்கும்போது சூரியன் மலைக்குப் பின்னால் சீக்கிரமே மறைந்துவிடும். அது சூரிய அஸ்தமனம் ஆகாது. கண்ணால் பார்த்து மஃரிபைத் தொடங்காமல், நேர அட்டவணையைப் பாருங்கள். டிசம்பர் கடைசியில் மஃரிப் ஆறு மணியைச் சற்றே கடந்ததும் வந்துவிடும், எனவே மாலை நடையைச் சுருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கஸ்ர் பற்றிப் புறப்படும் முன்பே தெளிவு செய்துகொள்வது நல்லது. லுஹர், அஸர், இஷா ஆகிய நான்கு ரக்அத் தொழுகைகள் இரண்டாகும். பஜ்ரிலும் மஃரிபிலும் மாற்றம் இல்லை. ஹனஃபி மத்ஹபில் பதினைந்து நாட்களுக்குக் குறைவாகத் தங்கினால் பயணியாகவே இருப்பார். ஷாஃபி மத்ஹபில் போய்ச் சேரும் நாளும் திரும்பும் நாளும் நீங்கலாக நான்கு நாட்கள் தங்க முடிவு செய்தால் அந்தச் சலுகை போய்விடும். மூன்று நாள் பயணத்தில் இரு சாராருக்கும் சிக்கல் இல்லை. லுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழும் ஜம்உ ஷாஃபியில் பயணிக்கு அனுமதிக்கப்பட்டது, ஹனஃபியில் ஹஜ்ஜின்போது மட்டும்தான். தூரத்தில்தான் கவனம் தேவை. 48 மைல், அதாவது 77 கிலோமீட்டரையொட்டிய கணக்கை நம் ஆலிம்கள் பலரும் சொல்கிறார்கள். மதுரையிலிருந்து ராஜபாளையம் இதைத் தாண்டுகிறது, ஸ்ரீவில்லிபுத்தூர் விளிம்பில் நிற்கிறது! ஊர் எல்லையிலிருந்து கணக்கிட வேண்டும் என்பதால் மதுரைக்காரர்கள் தங்கள் இமாமிடம் கேட்டுவிட்டே கிளம்புங்கள். உள்ளூர் இமாமின் பின்னால் ஜமாஅத்தில் சேர்ந்தால் நான்கும் தொழ வேண்டும் என்பதை ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு முன்பே சொல்லுங்கள். இல்லையென்றால் இரண்டாவது ரக்அத்திலேயே ஸலாம் கொடுத்துவிட்டு விழிக்கும்.

இரண்டு ஊர்களிலும் பள்ளிவாசல்கள் உண்டு. பெண்களுக்குத் தொழ இடம் இருக்கிறதா என்பதைப் பள்ளிக்குப் போகும் ஆண்களே முதலில் விசாரித்து வரட்டும். இல்லாவிட்டால் அறையே போதும். நாளை வகுத்தபோது லுஹருக்கு முன் அறைக்குத் திரும்பிவிடச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

சாப்பாடு, உடம்பு, நாட்கள்

பிள்ளைகளுக்குக் காலையில் இட்லி, மதியம் தயிர்சோறு, இரவில் இடியாப்பம் அல்லது தோசை என்று வைத்துக்கொண்டால் வயிறு கெடாது. விருதுநகர்ப் பக்கத்து எண்ணெய் பரோட்டாவைப் பெரியவர்கள் ஆசைக்குச் சாப்பிடலாம். இறைச்சி விஷயத்தில் பலகையில் எழுதியிருப்பதை மட்டும் பார்க்காமல், ஹலால் முறையில் அறுத்ததா என்று தயங்காமல் கேளுங்கள். பள்ளிவாசலில் ஒருவரிடம் விசாரித்தால் எந்தக் கடை என்று சொல்லிவிடுவார்கள். சந்தேகம் என்றால் முட்டையும் மீனும் இருக்கவே இருக்கின்றன.

ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நான்கு, உடல் வெப்பமானி, மருத்துவர் உங்கள் பிள்ளையின் எடைக்கு எழுதிக் கொடுத்த காய்ச்சல் மருந்து, கொசுவிரட்டி, இவை எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். காய்ச்சினாலன்றி ஆற்றுத் தண்ணீரைக் கொடுக்காதீர்கள். இரண்டு ஊர்களிலும் அரசு மருத்துவமனை இருக்கிறது. அவசரத்துக்கு 108.

நாட்களைப் பொறுத்தவரை டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். வெயில் தாங்கும், ஆற்றிலும் ஓரளவு தண்ணீர் இருக்கும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை, மலைப்பக்கம் போக முடியாத நாட்கள் அதிகம். ஆடிப்பூரத் தேரோட்ட நாளில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் வண்டி நகராது. அமாவாசை, பௌர்ணமி நாட்களில், அதிலும் ஆடி அமாவாசையில், சதுரகிரி மலைக்குப் போகும் கூட்டத்தால் இந்த வழித்தடப் பேருந்துகளில் பிள்ளையோடு ஏற முடியாது. நாட்காட்டியில் இவற்றைப் பார்த்துவிட்டு ரயில் டிக்கெட் எடுங்கள்.

பால்கோவாவைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாலும் சர்க்கரையும் மட்டும் சேர்த்துக் கிளறிக் கிளறிச் சுண்ட வைப்பது என்பதால் ஜெலட்டின் கலந்திருக்குமோ என்ற சந்தேகத்துக்கு இடமில்லை. 2019-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர்ப் பலகைகளைப் பார்த்தால் எல்லாக் கடையும் பழைய கடை போலவே தெரியும். அன்று கிளறியதா என்று கேட்டு, கொஞ்சம் வாங்கிச் சுவைத்துப் பார்த்த பிறகு கிலோக் கணக்கில் வாங்குங்கள். கூட்டுறவுப் பால் சங்கத்தின் விற்பனையும் உண்டு. சூட்டோடு கட்டிக் கொடுத்தால் உடனே மூடிவிடாமல் ஆற விடுங்கள். சில நாட்களில் தீர்த்துவிட வேண்டிய பண்டம் இது, எனவே ஊரில் யார் யாருக்குக் கொடுப்பது என்று எண்ணி அதற்கேற்ப வாங்குங்கள். பயணத்துக்கு வர முடியாமல் வீட்டில் இருக்கும் நன்னாவுக்கும் பக்கத்து வீட்டாருக்கும் உரியதைத் தனியாகக் கட்டச் சொல்லுங்கள். இரவு ரயிலில் அந்தப் பொட்டலத்தை மேல் படுக்கையில் வைப்பது நல்லது. கீழே வைத்தால் விழுப்புரம் வருவதற்குள் பிள்ளைகள் பிரித்துவிடுவார்கள்.